தூசி படிந்த பக்கிள்

“இது வேண்டாம் சால். ரொம்ப சீக்கிரமா மாட்டிக்குது” என்றான் ஹார்லன் என்னிடம்.

காலில் மாட்டுகிற நீச்சல் துடுப்பு, என் கடையிலேயே விலை கூடியது. குதிகாலில் ஸ்பிரிங் பட்டை. இழுத்துவிட்டால் ‘டப்’பென்று கவ்விக்கொள்ளும். அடுத்த அலை வந்து ஆளைப் புரட்டுவதற்குள் கடலுக்குள் போய்விடலாம்.

மான்டெரேயில் மூன்று தலைமுறையாக விற்கிறோம். தாத்தா மத்தி மீன் விற்றார். அப்பா படகு விற்றார். நான் முக்குளிப்புச் சாமான் விற்கிறேன்.

விலை அதிகம் என்பார்கள். நிறம் பிடிக்கவில்லை என்பார்கள். வசதியாக இருக்கிறது, அதனால் வேண்டாம் என்று சொன்னவனை அன்றுதான் பார்த்தேன்.

பூட்ஸில் தகராறு இல்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர் வரை வழுக்குப் பாறை. கெட்டி அடி போட்டதை உடனே எடுத்துக்கொண்டான். அந்த பூட்ஸோடுதான் துடுப்புகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தள்ளினான்.

“யோவ், ஞாயித்துக்கிழமை டெனிஸ்கூட இறங்கணுமா வேணாமா?”

டெனிஸ் பல் மருத்துவர். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் இவனுக்கு முக்குளிப்புத் துணை. தண்ணீருக்குள் பேச முடியாது. வெளியே வந்தால் குளிரில் பல் தந்தியடிக்கும். இத்தனை மாதத்தில் அவளிடம் இவன் சொன்னதெல்லாம், உருளையில் மிச்சம் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதுதான்.

அடுத்த மாதம் முதல் அவள் படகில் போகிற கோஷ்டியோடு சேரப்போவதாக ஊரில் பேச்சு.

“அதுக்குத்தான்யா கேக்குறேன்” என்றான் சுவரைப் பார்த்தபடி. “போன வாரம் என் பழைய துடுப்புப் பட்டையோட பக்கிள் சிக்கிக்கிச்சு. அலையில ஒத்தக் கால்ல நிக்கிறேன். அவங்க எப்பவும்போல அந்த நீல ஸ்பிரிங்க பத்தே நொடியில மாட்டிட்டாங்க. திரும்பிப் பாத்துட்டு வந்து தோளக் குடுத்தாங்க.”

“எவ்வளவு நேரம்?”

“ஒன்றரை நிமிஷம். அப்புறம் பக்கிள் உடைஞ்சுபோச்சு.”

முக்குளிக்கிறவன் எதையும் கடிகாரம் பார்க்காமல் செய்யமாட்டான்.

எனக்கு விளங்கியது. படகில் பெஞ்சில் உட்கார்ந்தே துடுப்பு மாட்டலாம். யாருடைய தோளும் தேவைப்படாது.

அதன்பிறகு நடந்தது தலைகீழ்ப் பேரம். நான் சுலபமானதாகக் காட்ட, அவன் இன்னும் கஷ்டமானதாகக் கேட்டான்.

“ஒரு சைஸ் சின்னதா குடு.”

“கால் மரத்துப்போகும்யா. அப்புறம் தோளை இல்ல, ஆம்புலன்ஸைத்தான் பிடிக்கணும்.”

கடைசியில் பரணில் ஏறினேன். பழைய மாதிரி, பக்கிள் வைத்த துடுப்பு. ஈரக் கையில் வழுக்கும், தடித்த கையுறையில் அகப்படாது, பட்டை முறுக்கிக்கொள்ளும். இரண்டு வருடமாக எவனும் தொடாத சரக்கு. இரண்டு ஜோடி இருந்ததாக நினைவு. தேடியதில் ஒன்றுதான் கிடைத்தது.

ஹார்லன் பட்டையை மாட்டப் பார்த்தான். முடியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான்!”

தள்ளுபடி கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு கிராக்கிக்கு விலையைக் குறைத்தால் மத்தி விற்ற தாத்தா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

உடைந்த பழைய ஜோடியை என்னிடமே விட்டான். என் கடையில் ஒரு விதி உண்டு: பழையதைப் போடுகிறவர் ஏன் போடுகிறார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். வாங்குகிறவன் கேட்பான் அல்லவா. ‘பக்கிள் உடைந்தது’ என்று எழுதிக் கட்டிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே போனான்.

அதை எடுத்துப்போய்ப் பின்கட்டுக் கூடையில் போடக் குனிந்தேன்.

காலையில் கடையைப் பார்த்துக்கொண்டது என் மனைவி. அவள் வாங்கிப் போட்டிருந்த ஒரு ஜோடி மேலாகக் கிடந்தது. நீல நிறம். ஸ்பிரிங் பட்டை. ஒரு கீறல்கூட இல்லை.

சீட்டைத் திருப்பினேன். டெனிஸின் கையெழுத்து, பல் வரிசை மாதிரி அத்தனை ஒழுங்கு.

‘யார் உதவியும் இல்லாமல் மாட்ட முடிகிறது.’