வீட்டுக்காரர்

“எல்லா நிலைப்படியும் எடுத்துரணுமா மேடம்?” என்று கேட்டார் தச்சர்.

“எல்லாமே. கதவு அகலமும் மூணு அடிக்குக் குறையக் கூடாது.”

நீளம் தாண்டுதலில் பதக்கம் வாங்கியவள் அவள். ஓய்வுக்குப் பிறகு வீடுகளின் உள் அலங்காரம்தான் தொழில். டேப்பைத் தொடாமல் எட்டு வைத்தே அளப்பாள். அரை அடிகூடப் பிசகாது.

போன மாதம் பத்து எட்டில் முடிந்த ஹால், இன்று பதின்மூன்றானது. மறுபடி நடந்தாள். பதினான்கு. டேப்பை எடுத்துத் தச்சரிடம் நீட்டினாள்.

“டேப்பாலயே அளந்துருங்க. சுவிட்ச் எல்லாம் இடுப்புக்குக் கீழ வரணும்.”

“இங்க வயசானவங்க இருக்காங்களா?”

“இல்ல.”

“வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்கள்ல? அப்புறம் என் தலைதான் உருளும்.”

“இன்னும் சொல்லல. பயமா இருக்கு.”

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர்ந்து கிடந்த நிலைப்படியைப் பார்த்தார்.

“என்னம்மா இது? ஊரார் வீடெல்லாம் முடிஞ்சு, நம்ம வீட்டையே இடிக்க ஆரம்பிச்சுட்டியா?”

வீட்டுக்காரர் என்றதை அவள் கணவராக எடுத்துக்கொண்டது தச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“சக்கர நாற்காலி உள்ள வரணும்ங்க. ஆறு மாசந்தான் நடப்பேன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”