நீக்குவதற்கான காரணம்

"தங்கச்சி படத்த எடுத்துருங்க தம்பி. இனிமே அது ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது."

வந்தவர் உட்காரவில்லை. பெயர் வீரணன், ஊர் உத்தமபாளையத்துப் பக்கம் என்று மட்டும் சொன்னார். மொட்டைத் தலை, மீசையும் மழித்திருந்தது.

"தலையப் பாத்தா வீரபாண்டிக் கோயில்ல முடி எறக்கிட்டு நேரா வந்தாப்புல இருக்கு" என்றான் தமிழ்மாறன்.

"இல்ல" என்றார் வீரணன்.

தமிழ்மாறனுக்கு ஏற்கெனவே எரிச்சல். பழனிசெட்டிபட்டியில் மாடி அறை ஒன்றைப் பிடித்து, இந்தக் கல்யாண வெப்சைட்டை ஆரம்பித்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதற்குள் 'அதைக் காணோம், இதை எங்கே அமுக்க' என்று நேரிலேயே வந்து நிற்கிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

"இதுக்குப் போயி பஸ் ஏறி வரணுமாண்ணே? 'நீக்கு'ன்னு கொட்ட எழுத்துல போட்டுருக்கேன். ஒரு எழுத்து டைப் அடிக்க வேணாம். காரணத்தத் தொட்டா முடிஞ்சுபோச்சு."

அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. எழுத இடம் விட்டால் ஜனங்கள் கண்டதையும் எழுதித் தொலைப்பார்கள் என்று, எதைக் கேட்டாலும் தொடுவதற்குச் சில வரிகள் மட்டும் வைத்திருந்தான். 'கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம்' என்று வாசல் போர்டிலும் எழுதிப் போட்டிருந்தான்.

"அமுக்குனேன் தம்பி. பிரவுசிங் சென்டர்ல ஒக்காந்து நான்தான் அமுக்குனேன். படம் போகாம, மொதப் பக்கத்துல வந்து நிக்கிது."

தமிழ்மாறன் கம்ப்யூட்டரில் தேடினான். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கிளம்பியது. திரையில் நாகஜோதி என்ற பெண் சிரித்தாள். அவள் படத்தைச் சுற்றி ஒரு ரோஜா மாலை ஆட, 'புதுமணப் பெண்ணுக்கு வாழ்த்துகள்' என்று எழுத்துகள் மினுக்கின.

இதுவும் அவன் வேலைதான். கல்யாணம் என்று யார் தொட்டாலும் படம் உடனே நீங்காது. மாலை, மேளத்தோடு ஒரு மாசம் முதல் பக்கத்தில் நிற்கும். மற்றவன் வீட்டு விசேசத்தில் இவனுக்கு ஓசி விளம்பரம்.

"அந்தச் சத்தத்த நிறுத்துங்க" என்று வீரணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரணம் என்ற இடத்தில் 'காதல் திருமணம்' என்று இருந்தது. தமிழ்மாறனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படித்தான் அவன் நினைத்தான்.

"ஓகோ. வீட்டுக்குத் தெரியாமக் கட்டிக்கிருச்சாக்கும்."

"அதில்ல தம்பி. அங்கன மூணுதான் இருந்துச்சு. எதையாச்சும் ஒண்ண அமுக்குனாத்தான் விடும்னு..."

"மூணு போதும்ணே. எங்க மூலமாக் கல்யாணம், சொந்தத்துல கல்யாணம், காதல் கல்யாணம். இதுக்கு மேல ஒரு பொண்ணுக்கு என்ன நடந்துறப் போகுது?"

வீரணன் வாயைத் திறந்தார். தமிழ்மாறன் பேச விட்டால்தானே.

"தங்கச்சியத் தலைமுழுகிட்டீகளோ?"

"முழுகியாச்சு தம்பி."

இதை எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது என்று தமிழ்மாறனுக்கு அருவருப்பாக இருந்தது. ஓடிப்போன பெண் உயிரோடு இருக்கும்போதே மொட்டை போட்டுக் காரியம் செய்கிற குடும்பங்களைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அப்படிப்பட்ட ஒரு ஆள் தன் மேசை மேல் கையை ஊன்றி நிற்பதைச் சகிக்க முடியவில்லை. அந்த மழித்த முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"வெவரம் தெரியாத தூரத்துச் சொந்தக்காரவுக போன் மேல போன் போட்டு விருந்து எப்பன்னு கேக்குறாக தம்பி. எங்காத்தாவால பதில் சொல்ல முடியல. போன் அடிச்சாலே கெடந்து அழுகுது."

"அழட்டும். வெக்கமா இருக்குல்ல?"

வீரணன் அவனையே பார்த்தார். எதற்கு வெட்கம் என்று அவருக்குப் புரியவில்லை.

"நான் எடுக்க மாட்டேண்ணே. அந்தப் புள்ள பிரியப்பட்டவனக் கட்டியிருக்கு. மாலையும் மேளமும் அங்கனயே இருக்கட்டும். ஊரு பூராம் பாக்கட்டும்."

"ஒங்களக் கும்புடுறேன் தம்பி" என்று வீரணன் நிஜமாகவே கையெடுத்தார்.

அந்தக் கும்பிடுதான் தமிழ்மாறனை எழுந்து நிற்க வைத்தது. ஒரு பெண்ணை அழிக்கச் சொல்லிக் கும்பிடுகிறானே இந்த ஆள் என்று உடம்பெல்லாம் கூசியது.

"ச்சீ, கையக் கீழ போடுங்க. கூடப் பொறந்தவளுக்குத் தலையும் மீசையும் செரச்சுக்கிட்டு வந்து, படத்தயும் அழிக்கச் சொல்றீக. அந்தப் புள்ள என்ன, செத்தா போச்சு?"

நாதஸ்வரம் இன்னும் ஓயவில்லை. வீரணன் திரையில் ஆடிக்கொண்டிருந்த மாலையை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா தம்பி. ஒங்க மூணுல அதத்தான் காணோம்."