வீட்டுக்காரருக்கே முதலிடம்

கொன்றை இயங்குதளம் இலவசம். அதன் நிரலும் எல்லோர் பார்வைக்கும் திறந்தே கிடந்தது. அதற்குப் பதிலாக, வீட்டுக் கணினியில் மிஞ்சும் சக்தியைக் கம்பெனியின் சர்வர் எடுத்துக்கொள்ளும். புதிய பதிப்பின் அறிவிப்புகளைத் தமிழாக்கியவள் தூத்துக்குடி ஜெசிந்தா. ஆங்கிலத்தில் வந்த 'ஹோஸ்ட்' என்ற சொல்லுக்கு அவள் 'வீட்டுக்காரர்' என்று எழுதினாள்.

"நெருக்கடி நேரத்தில் வீட்டுக்காரருக்கே முதலிடம்" என்று, மூச்சுக் கருவியின் துணையோடு வாழும் கணவன் ததேயு வாய்விட்டுப் படித்தான். "அப்போ எனக்குத்தான்னு சொல்லு!" என்று சிரித்தான். ஊரே அப்படி நினைத்துத்தான் சம்மதம் என்று அழுத்தியது. எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்லும் கம்பெனி, அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அதுதான் ஜெசிந்தாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ததேயுவின் மூச்சுக் கருவி மந்தமானது. அது ஓடுவதும் கொன்றை போட்ட அந்த வீட்டுக் கணினியில்தான். திரையில் அவள் எழுதிய வரி வந்தது: "வீட்டுக்காரர் வேலை நடக்கிறது. காத்திருக்கவும்."

"ஏட்டி, எந்த வீட்டுக்காரரு?" என்று அவன் திணறினான்.

கம்பெனி சொன்னது சர்வரை. வாடகைக்குக் குடிவைத்தவனையும் வீட்டுக்காரர் என்றுதான் சொல்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கையால் காற்றுப் பையை அழுத்தி அவனுக்கு மூச்சுக் கொடுத்தபடியே, மறு கையால் அந்த முன்னுரிமையை மாற்றப் போனாள்.

"மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டுமே" என்றது திரை, அவளுடைய தமிழிலேயே.