தோலுரித்த கார்

“இதென்ன, பசுத்தோலோ?”

காரின் இருக்கையைத் தொட்ட விரலைக் கோயில் மணியகாரர் ஆழ்வாப்பிள்ளை வேட்டியில் துடைத்தார். பிறகு அந்த வேட்டியையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

கார் பரமலிங்கத்தினுடையது. மலாயாவில் இருபத்தைந்து வருஷம் ரயில்வே கிளாக்கராக இருந்து, பென்சனோடு கொக்குவிலுக்குத் திரும்பியவர் அவர். யாரோ ஒரு துரை கைவிட்டுப்போன கிழட்டுக் காரை வாங்கி, மாட்டுக்கொட்டிலில் நிறுத்தி, மூன்று மாதமாகக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். மாடு வேப்பமரத்தடிக்குக் குடிபெயர்ந்திருந்தது.

எல்லாம் ஒரு நேர்த்திக்கடனுக்காக. மனைவி மகாதேவி நெருப்புக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, அவள் எழும்பினால் கொடியேற்றத்துக்குக் கொடிச்சீலை தன் காரில் கோயிலுக்கு வரும் என்று முருகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் எழும்பிவிட்டாள். கார்தான் இன்னும் எழும்பவில்லை.

“கொடிச்சீலை வாற வாகனத்திலை ஒரு துண்டு தோல் இருக்கக்கூடாது,” என்றார் மணியகாரர். “இருந்தால், வழக்கம்போலை என்ரை மாட்டு வண்டிலிலை வரும்.”

அந்த வண்டில் மாட்டின் கழுத்துப்பட்டி எதனால் செய்தது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கே சீற்றை உரித்தார்கள். தேங்காய்த் தும்பு அடைத்து, மேலே பனையோலைப் பாய் வைத்துத் தைத்தார்கள்.

“உந்தப் பாவத்தை வளவுக்குள்ளை வைச்சிராதை, பரமலிங்கம். நான் ஆள் பிடிச்சுக் கொழும்புத்துறைக் கடலிலை போடுவிக்கிறன்.” உரித்த தோல் முழுவதையும் மணியகாரர் தன் வண்டிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார். எவ்வளவு பெரிய மனசு!

“உயிரோடை இருக்கிற மாடு வெயிலிலை நிக்குது. செத்த மாட்டுக்கு உவ்வளவு மரியாதை,” என்றாள் மகாதேவி.

கார் வேலைக்கு வந்த மெக்கானிக் வில்லியம் தலையைச் சொறிந்தான்.

“ஐயா, உள்ளுக்கும் ஒரு தோல் கிடக்கு. கிளச்சிலை. எஞ்சின் சுத்திறதைச் சில்லுக்குக் கடத்திறது அந்தத் தோல் பட்டைதான்.”

“கழட்டு!”

“கழட்டினால் ஓடாதையா.”

“முருகன் ஓட்டுவார். சாக்குத்துணியைச் சுத்து.”

கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை காரை முடுக்கினார்கள். எஞ்சின் ஊரைக் கூட்டியது. சாக்கு கருகி, கொட்டில் முழுக்கப் புகை. கார் ஒரு சாண் நகரவில்லை. முருகனுக்கு அன்றைக்கு வேறு வேலை போலும்.

பரமலிங்கம் காரின் மிதிபலகையில் குந்திவிட்டார். கண் கலங்கிவிட்டது. மகாதேவியின் மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால், தந்தவன் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?

குரலைத் தாழ்த்தினார். “வில்லியம்... அந்தப் பழைய பட்டை இருக்கோ?”

“கழட்டேக்கை கிழிஞ்சு போச்சையா.”

“வேறை தோல்?”

“தடிச்ச தோல் வேணும். பாப்பம்.”

“எங்கை எடுத்தனி எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். வேறை ஒருத்தருக்கும் சொல்லாதை!”

மத்தியானம் வில்லியம் எதையோ சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். ஆமணக்கெண்ணெயில் ஊறவைத்து, வெட்டி, ஆணி அறைந்து பூட்டினான். பின்னேரம் கார் வாசற்படலையைத் தாண்டித் தெரு ஒழுங்கைக்குள் ஓடியது. கடவுள் நம்பிக்கை இருக்கிற ஒருவர் பெருமைப்பட வேண்டிய நேரம். பரமலிங்கம் கொட்டிலில் கிடந்த தோல் துணுக்குகளைப் பொறுக்கி ஒளித்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் மணியகாரர் வந்தார். காரைச் சுற்றிவந்தார். பாயை மோந்து பார்த்தார். குனிந்து கீழேயும் பார்த்தார்.

“ஒரு பொட்டுத் தோல் இல்லை. சுத்தம்!” என்று கூடியிருந்த ஊருக்குக் கேட்கச் சொன்னார். சொன்ன கையோடு கொடிச்சீலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீற்றில் ஏறி அமர்ந்தார். மாட்டு வண்டில் அன்றைக்கு அவர் ஞாபகத்துக்கே வரவில்லை.

மேளம் முழங்க, கார் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. கொடி ஏறியது. மகாதேவி கைகூப்பியபடி அழுதாள். பரமலிங்கம் மட்டும் கொடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து காரைக் கொட்டிலில் விட்டதும் வில்லியத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாலை ஏலாது, வில்லியம். சாமிக்கு முன்னாலை அந்த மனுசனைப் பொய் சொல்ல வைச்சிட்டன். இப்பவே போய் உண்மையைச் சொல்லி, காலிலை விழப்போறன்.”

“வேண்டாமையா. அவருக்குத் தெரியும்.”

“என்னெண்டு தெரியும்?”

வில்லியம் கையிலிருந்த கிறீஸை ஆற அமரத் துடைத்தான்.

“எனக்கு வீடு கொழும்புத்துறைக் கடற்கரையிலை. அங்கை ஒரு தோலும் வரேல்லை. அதுதான் நேற்று நேரை மணியகாரரின்ரை வீட்டை போனனான். மனுசன் விறாந்தையிலை சாய்மனைக் கதிரையிலை படுத்துக்கொண்டு புராணம் படிக்கிறார். கதிரைக்கு அடிச்சிருக்கிறது உங்கடை காரின்ரை சீற்றுத்தோல்.”

பரமலிங்கம் திரும்பவும் மிதிபலகையில் குந்திவிட்டார்.

“என்னைக் கண்டதும் எழும்பினவர், காருக்குத் தோல் வேணும் எண்டதும் கால்மாட்டுப் பக்கத்திலை ஒரு முழம் தானே வெட்டித் தந்தவர். ‘ஒருத்தருக்கும் சொல்லாதை’ எண்டு அவரும்தான் சொன்னவர், ஐயா.”