சிரிக்க மறுத்த பிணம்

பாடையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும், அறை விழுந்த சத்தத்தை வைத்தே அது யார் கை, யார் கன்னம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கை ஹீரோவுடையது. கன்னம் யூனிட்டில் குடை பிடிக்கிற மோசஸ் அண்ணனுடையது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், சித்திரை வெயில், திருவிடந்தைக் கடற்கரை. கதைப்படி நான் ஹீரோவின் அம்மா. செத்துக் கிடக்கிறேன். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் பாடை என்று உடன் நடிக்கிறவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். மூச்சு தெரியாமல் படுப்பதில் இந்த ஹெலனை மிஞ்சக் கோடம்பாக்கத்திலேயே ஆள் கிடையாது.

ஷாட்டுக்கு முன்னால் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மோசஸ் அண்ணன் ஹீரோவுக்குப் பிடிக்க வேண்டிய குடையை என் முகத்துக்கு மேல் பிடித்துவிட்டார். அதுதான் குற்றம். பிணத்துக்கு எதுக்குடா குடை என்று கேட்டுத்தான் அந்த அறை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனக்கூட்டம். குப்பத்து ஆட்கள், மாமல்லபுரம் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கிக்கொண்டவர்கள், கல்யாணம் கூடிவரக் கோயிலைச் சுற்ற வந்து கழுத்து மாலையோடு நின்ற பெண்கள். எது ஷாட், எது நிஜம் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

அம்மாவைப் பறிகொடுத்த மகன் ஆத்திரத்தில் அடிக்கிறான் என்று நினைத்து விசிலடித்தார்கள். கைதட்டல் கேட்டால் சும்மா இருப்பாரா அந்த மனுஷர்? குடையைப் பிடுங்கி மணலில் வீசினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்ததுகூடப் போகட்டும். வயசான ஆள் அடி வாங்கி நிற்கும்போது ஒரு ஊரே கைதட்டுகிறதே! ஆனால் பிணம் என்ன செய்ய முடியும்? படுத்தே கிடந்தேன்.

ஷாட் ஆரம்பித்தது. ஹீரோ என்மேல் விழுந்து தேம்பித் தேம்பி அழுதார். ஷாட் ஓகே ஆனது. நல்ல நடிகர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம்தான் என் முறை வந்தது.

பிணமாக நடித்தவர் பாடையைவிட்டு இறங்குமுன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் கொஞ்சம் பிலிமில் எடுப்பார்கள். அப்போதுதான் தோஷம் கழியும். எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் இதை விடமாட்டார்கள்.

டைரக்டர் சிரிக்கச் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

தாடைக் கட்டு இறுக்கமோ என்று அவிழ்த்துவிட்டார்கள். அப்போதும் சிரிக்கவில்லை. ஏஜென்ட் சின்னராசு காதருகே குனிந்து, இனி எந்தப் படத்திலும் உனக்கு வேஷம் கிடையாது என்று பல்லைக் கடித்தான். கடிக்கட்டும்.

மோசஸ் அண்ணனே ஓடிவந்தார். கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது.

"எனுக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. சிரிச்சிட்டு எழுந்துரு. வோணாம் இந்த வெளையாட்டு."

அவர் முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஹீரோவுக்கு உதறல் எடுத்தது. அது அவருடைய சொந்தப் படம். முந்தின இரண்டும் ஊத்திக்கொண்டவை. கார் டயரில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாத ஆள். அவரே என்னிடம் வந்து குனிந்து, என்னம்மா வேண்டும் என்று கேட்டார்.

"அந்த ஆளு மூஞ்சில சிரிப்பு வரட்டும் சார். அப்பால என் மூஞ்சில வரும்."

ஹீரோ நேராக மோசஸ் அண்ணனிடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

கூட்டம் இதற்கும் கைதட்டியது. மகன் திருந்திவிட்டானாம்.

மோசஸ் அண்ணன் சிரித்தாரா என்றால், உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்கு அது போதும். சொத்தைப் பல் தெரியச் சிரித்தேன். கேமரா ஓடியது.

படம் தப்பித்தது என்று ஹீரோ பெருமூச்சு விட்டார். பாவம், விஷயம் தெரியாத மனுஷர். பிணம் சிரிக்காவிட்டால் படத்துக்கு ஒரு கெடுதலும் வராது. வந்தால் படுத்தவளுக்குத்தான் வரும். துணை நடிகர்கள் எல்லோருக்கும் அது தெரியும். மோசஸ் அண்ணனுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் வயிற்றில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் வண்டியில் வரும்போது மோசஸ் அண்ணனிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தேன்.