தோள் தாங்காத கனம்

பினாங்கு ரோட்டுக் கேமரா கடையில் விற்பனையாளன் பழனியப்பன் ஏழாவது கேமராவையும் எடுத்து மேசைமேல் வைத்தான். ஐயாத்துரை அதையும் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் மனைவி யோகலட்சுமி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுவும் கனம் தம்பி."

"எஸ்.எல்.ஆர். கேமராவுலயே லேசு இதுதான் லா அண்ணே. அரைக் கிலோகூட இல்ல!"

"கொடிமலையில பறவை படம் புடிக்கணும். அது வந்து உட்கார்ற வரைக்கும் அரை மணி நேரம் ஆடாம அசையாம இருக்கணும். தோளு தாங்க வேணாமா?"

பழனியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவு அகலத்துக்குத் தோளை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சா!

"அப்ப இந்த மூணு காலு ஸ்டாண்டை வாங்கிக்குங்க. ஆடவே ஆடாது."

"அதை யாரு மலைமேல தூக்கிட்டுப் போறது? லேசான கேமரா காட்டு."

"இதைவிட லேசுன்னா பொம்மைக் கேமராதான்! உங்க தோளுக்கு இதெல்லாம் ஒரு கனமா அண்ணே?"

"என் தோளா?" ஐயாத்துரை சிரித்தார். "இவளை முன்னால நிக்க வெச்சு, இவ தோள்மேலதான் கேமராவ வெச்சு எடுப்பேன். அஞ்சு நிமிஷத்துல வலிக்குதுன்னு அசைஞ்சிடுறா. எல்லாப் படமும் கலங்கிப்போகுது."

யோகலட்சுமி எழுந்தாள். வலது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்து, அந்த ஸ்டாண்டைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"கேமரா எவ்வளவு கனமா இருந்தாலும் பரவாயில்ல தம்பி. முதல்ல இதுக்கு பில் போடுங்க. மலைமேல தூக்கிட்டு வர அவர் தோள் சும்மாதானே இருக்கு!"