ஹால்வரின் வாள்

போர்த்தலைவன் ஹால்வர் செத்துப்போனான். தலைவன் செத்தால் வாளும் சாக வேண்டும். அதைக் காய்ச்சி வளைத்து அவனோடு புதைப்பது வைக்கிங்குகளின் வழக்கம். கெத்தில் என்ற கொல்லன் உலையை மூட்டினான். அவனுடைய மூன்று மகன்களும் ஹால்வரின் கப்பலில் போய்த் திரும்பாதவர்கள். சின்னவனின் கோடரி மட்டும் வாயெல்லாம் உடைந்து வீடு வந்திருந்தது.

“நாற்பது தலை கொய்த வாள்!” என்று பாணன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான்.

கெத்தில் வாளை உருவினான். பதினைந்து வருடத்துக்கு முன் அவன் தீட்டிக்கொடுத்த கூர் அப்படியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“என்னடா பாத்துட்டு நிக்கிற? வளை!” என்றான் ஹால்வரின் தம்பி.

கெத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி உலையில் கொட்டினான்.

“இது இன்னும் பொறக்கவே இல்லடா. எப்படிச் சாகடிக்கிறது?”